நாற்பத்திரண்டு கடிதங்களுக்கு ஒரே நலம்

ஜெயரூபனுக்குக் கோபமே வராது. எனக்கு அதுதான் கோபம். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன், பதுளையில் கம்ப்யூட்டர் படித்தவன். எங்கள் தோட்டத்துத் தகவல் நிலையத்தில் மின்னஞ்சல்களை அனுப்பும் மெயில் சேவரை அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் லெட்சுமி, அங்கே தட்டச்சு வேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தோட்டத்துச் சனம் சொல்வதை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துக் கொடுப்பேன்.

2005இல் ஒரு புதன்கிழமை, கொழுந்தெடுக்கும் அங்கம்மா பதறிக்கொண்டு வந்தாள். மகள் சுபாஜினி துபாயில் வீட்டு வேலை செய்தாள். இங்கே அவளுக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும்தான் சுபாஜினி மெயில் பார்ப்பாள். சனிக்கிழமை அங்கேயே இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். செய்தியை ஞாயிறே அடித்துக் கொடுத்திருந்தேன். ஆனால் அன்றைய நாற்பத்திரண்டு கடிதங்களும் போகாமல் சேவரின் வரிசையிலேயே கிடப்பது அவள் காதுக்கு எட்டியிருந்தது.

“லைன் அறுந்துருச்சா தம்பி?” என்று ஜெயரூபனைக் கேட்டேன்.

“இல்லக்கா, லைன் நல்லாத்தான் இருக்கு.”

கறுப்புத் திரையில் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் அந்தப் பக்கத்துச் சேவரையே நேராகக் கூப்பிட்டான். ஒவ்வொரு வரியாகக் கையால் அடித்தான். அனுப்புகிறவர் பெயரைச் சொன்னான், சரி என்றது. பெறுகிறவர் பெயர், அதுவும் சரி. என் கடிதத்தைப் போட்டதும் 450 என்றது, இப்போது ஏற்க முடியாதாம். மறுபடி கூப்பிட்டு ‘சோதனை’ என்று மட்டும் போட்டான். 250, ஏற்றுக்கொண்டது.

“கோவிச்சுக்காதீங்கக்கா. கோளாறு நம்ம கடுதாசியிலதான் இருக்கு.”

நான் அடிக்கும் எல்லாக் கடிதங்களுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ‘இங்கு யாவரும் நலம், உன் நலமறிய ஆவல்’ என்று பத்து வரி. ஒருமுறை அடித்து எல்லாவற்றிலும் ஒட்டிவிடுவேன். தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸ் வழியாகப் போகிற பழக்கத்தில், அவனும் இந்த முறை நாற்பத்திரண்டையும் நிலையத்தின் ஒரே முகவரியிலிருந்து ஒன்றாக விட்டிருந்தான். ஒரே எழுத்து இத்தனை தரம் வந்ததும் அந்தப் பக்கத்து மெஷின் அதை விளம்பரக் குப்பை என்று நினைத்துவிட்டது.

“நான் எழுதுறது குப்பையாடா?” என்று எரிந்து விழுந்தேன்.

“மெஷினுக்குத்தான்கா. நலத்த எடுத்துட்டு அனுப்புவோம்.”

அங்கம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயையோ! நலம் கேக்காம கடுதாசி போனா சாவுச் சேதின்னு நெனைச்சுருவா எம் புள்ள!”

அவள் சொன்னது நியாயம்தான். எங்கள் லயங்களில் சாவுக் கடிதம்தான் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லும்.

“அப்ப நீங்களே நலத்தைச் சொல்லுங்கம்மா. அக்கா வச்சிருக்கிறது வேணாம்” என்றான். எனக்குச் சுருக்கென்றது.

அங்கம்மா சொல்லத் தொடங்கினாள். “ஒங்கப்பாவுக்கு இருமல், பயப்படாத. வெள்ளச்சி கன்னு போட்டிருக்கு. எனக்கு முழங்கால் வலி, ஆனாலும் கொழுந்தெடுக்கப் போறேன். நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. வாத்தியார் வேலைக்குக் கூப்புட்டுருக்காங்க. கையெழுத்துப் போடாத. வந்துரு.”

அப்படியே அடித்தேன். அதை மட்டும் தனியாக அனுப்பினான். 250. மற்ற நாற்பத்தொரு பேரையும் மறுபடி வரச்சொல்லி, அவரவர் சொன்ன நலத்தைத் தட்டச்சு செய்ததில் என் விரல் வீங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை மாலை பதில் வந்தது. அங்கம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“அம்மா, கையெழுத்துப் போடல. வாறேன். ரெண்டு வருசமா கடுதாசி வருது. நீ பேசி இன்னிக்குத்தான் கேட்டேன்.”

அங்கம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயரூபன் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த இரண்டு வருடத்துக் கடிதம் அத்தனையையும் அடித்தது நான்.