கரை அளக்கும் எஸினாம்

யாராவது கத்திக்கொண்டு ஓடி வந்தால் எஸினாம் முதலில் ட்ரோனைக் கீழே இறக்கிவிடுவாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவாள், பிறகு தொப்பியை. இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

"தலைக்கு மேல அது ஙொய்னு கத்திட்டிருக்கறப்ப எவன்கிட்டயும் பேச முடியாது கமேலி. கீழ வெச்சுட்டா பாதிக் கோபம் போயிடும். மீதிக்குத்தான் நாம வாயத் திறக்கணும்" என்பாள்.

கமேலி நான்தான். அன்லோகா சந்தையில் ஆட்டோ ஓட்டுகிறேன். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஓடும் ஒற்றை ரோட்டில், மாதம் ஒரு வாரம் அவளையும் அவள் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என் வேலை. ஒவ்வொரு ஊரிலும் போன மாதம் நின்ற அதே இடத்தில் நின்று, அதே உயரத்துக்கு ட்ரோனை ஏற்றி, கரையைப் படம் எடுப்பாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கடல் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். அதைத் தலைநகர் அக்ராவில் இருக்கும் ஆபீஸுக்கு அனுப்பிவிடுவாள்.

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கணவர் தேமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகள்கள் இரண்டு பேரும் அங்கேயே நாத்தனார் வீட்டில் இருந்து படிக்கிறார்கள். இவள் மட்டும் அன்லோகாவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். முன்பு நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாளாம். "ஃபேனுக்குக் கீழ உக்காந்து கோடு போட்டுட்டிருந்தேன். யாரு நீ, என்ன பண்றன்னு ஒருத்தன் கேட்டதில்ல" என்று சொல்லி முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள்.

இங்கே எல்லாரும் கேட்டார்கள். கரைவலை இழுப்பவர்கள் மீன் பயந்து ஓடுகிறது என்று மண்ணை வாரி அடித்தார்கள். அன்று மீன் குறைவாகத்தான் கிடைத்தது, அதற்கு முந்தின நாளும் குறைவுதான். ஆனால் முந்தின நாள் ட்ரோன் இல்லை என்பதை யாரிடம் சொல்வது? வெள்ளை அங்கி போட்டுக் கடற்கரையில் ஜெபம் செய்கிறவர்கள், அது யார் ஏவி விட்டது என்று கேட்டு அவளை நடுவில் உட்கார வைத்து வெகுநேரம் பாடினார்கள். அவளும் கூடச் சேர்ந்து பாடினாள். ஓட்டலில் தங்கியிருந்த தலைநகரத்துக்காரர் ஒருவர் இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார்.

"நீச்சல் குளத்துல என் பொண்ணு இருக்கா. எத்தனை போட்டோ எடுத்த, காட்டு."

"காட்டறேன் சார். உக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

"சரி, நின்னுட்டே பாருங்க. இது தண்ணி. இது மண்ணு. இதுவும் மண்ணுதான்."

வரிசையாக மண்ணையே பார்த்து அவர் சலித்துப்போனார். கடைசியில் அவளுக்குக் குளிர்ந்த சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அவள் சட்டைக்குள் விட்டுக்கொள்வாள். அட்டையைப் பார்த்தால் அரசாங்கம் வந்துவிட்டது, வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கூட்டம் பெருகிவிடும். அட்டைக்குப் பதில் அவள் வணக்கம் சொல்லுவாள். எங்கள் பக்கத்தில் வணக்கம் ஒரு வார்த்தையோடு முடிவதில்லை. வீட்டில் எல்லாரும் நன்றாகத் தூங்கி எழுந்தார்களா, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடிக்கக் கையை ஓங்கி வந்தவனும் "பிள்ளைங்க நல்லா இருக்காங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் கையை இறக்கிவிடுவான். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அமேகோஃபேயில் அது பலிக்கவில்லை.

ஆனி மாதத்துப் பெரிய அலை அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஊரின் முன்வரிசை வீடுகள் போய்விட்டன. பாதி பெயர்ந்த தென்னைகள் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தன. "இன்னைக்கு வேணாம்க்கா, கொஞ்ச நாள் ஆகட்டும்" என்றேன். "கொஞ்ச நாள் ஆனா அளவு மாறிடும்" என்று சொல்லி இறங்கினாள்.

ட்ரோன் மேலே போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு மனிதர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். டோட்ஸே என்று பெயர். தோணிக்காரர், என் வண்டியில் ஒன்றிரண்டு தடவை மீன்கூடை ஏற்றியிருக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். எஸினாம் ட்ரோனை இறக்கி, மண்ணில் விரித்திருந்த பாய்மேல் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"வணக்கம்ணே. வீட்டுல எல்லாரும் நல்லா எழுந்தாங்களா?"

"எந்த வீட்டுல?" என்றார் டோட்ஸே.

அடுத்த கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. அதை அவளால் கேட்க முடியவில்லை.

கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள். "மாசா மாசம் வர்றா. இவ வந்துட்டுப் போனதும் கடல் வருது. நானே கவனிச்சிருக்கேன்."

"அளந்து அளந்து கடலுக்குப் பரிமாறறியா நீ?" என்றான் இன்னொருவன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

எஸினாம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த அளவை வைத்துத்தான் தடுப்புச் சுவர் கட்டுவார்கள், அதற்காகத்தான் படம் எடுப்பது என்று. டோட்ஸே துடுப்பை மண்ணில் ஊன்றி அவள் முடிக்கும்வரை கேட்டார்.

"நாலு வருஷமா அளக்கற. சுவரு எங்க?"

அவள் கடலைப் பார்த்தாள். எனக்கு வண்டியைக் கிளப்பிவிடலாமா என்று இருந்தது. இந்த இடத்தில் அவள் சமாளித்துச் சொல்வதற்கு ஏதாவது வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியலண்ணே" என்றாள். "அளந்து அனுப்பறேன். அங்க போய் என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது போல. கூட்டம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியது. யாரோ என் வண்டியின் கூரையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில், டோட்ஸேயின் மனைவி கஃபுயி குனிந்து ட்ரோனை எடுத்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவள் கடலை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டாள். அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அக்கா, வேணாம்க்கா. வெச்சுடுங்க" என்று எஸினாம் பின்னால் ஓடினாள்.

கஃபுயி முழங்கால் ஆழத்தில் நின்று ட்ரோனை வீசினாள். அலை அதைப் புரட்டிக்கொண்டு வந்து அவள் காலடியிலேயே போட்டது. மறுபடி எடுத்தாள், இடுப்பளவு தண்ணீருக்குள் போனாள், இரண்டு கையாலும் தூக்கி எறிந்தாள். இந்தத் தடவை அது திரும்பி வரவில்லை. நனைந்த துணியோடு எங்களைக் கடந்து நடந்து போனாள். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. டோட்ஸே மட்டும் நின்றார்.

"இதுக்குக் கேஸ் வருமா?"

"தெரியலண்ணே."

"உனக்கு எதுதான் தெரியும்?" அவர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் எஸினாம் அபோலோ என்கிற சோள அப்பமும் பொரித்த நெத்திலியும் வாங்கினாள். சாப்பிடாமல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "சுவரு வரும்னு நான் நம்பித்தான் சொல்லிட்டிருந்தேன் கமேலி" என்று ஒரு தடவை சொன்னாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஆபீஸிலிருந்து போன் வந்தபோது நான் கூட இருந்தேன். போலீஸில் எழுதிக் கொடு என்றார்கள் போல.

"அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு சார்" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அலைதான கொண்டுபோச்சு?" என்று கேட்டாள். "போலீஸுக்குப் போனா நானும் அலையணும், அந்தப் பொம்பளையும் அலையணும். ரெண்டு பேருக்கும் தெம்பு இல்ல."

கொஞ்ச நாள் அவளுக்கு வேலை இல்லை. வரைபட வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று எழுதிப் போட்டாள். கரைவேலைக்கு வேறு ஆட்கள் வர மறுக்கிறார்கள் என்று பதில் வந்தது. கூடவே ஒரு கால் ஒட்டுப்போட்ட பழைய ட்ரோனும் வந்தது.

அமேகோஃபேயை விட்டுவிட்டு மற்ற ஊர்களை முடிக்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. ஆனால் பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு சர்ச் மண்டபத்துக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். வீடு போனவர்கள் எல்லாம் அங்கேதான் தங்கியிருந்தார்கள். பின்பக்கம் கஃபுயி மண் அடுப்பில் மீன் புகை போட்டுக்கொண்டிருந்தாள். எஸினாமைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கேஸ் போட வந்தியா?"

"இல்லக்கா. இன்னைக்கு மறுபடி பறக்க விடப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னொண்ணு குடுத்துட்டாங்களா? வீடு போச்சுன்னா எங்களுக்கு இன்னொண்ணு யாரும் குடுக்கல."

கஃபுயி கம்பி வலையில் மீனைத் திருப்பிப் போட்டாள். புகை இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

"அளந்து யார்கிட்ட சொல்ற?"

"ஆபீஸ்ல."

"ஆபீஸா இடியுது?"

எஸினாம் அங்கிருந்த கவிழ்த்த பாத்திரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அன்று கஃபுயி பக்கத்தில் நிற்க ட்ரோன் மேலே போனது. கஃபுயி கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்க விருப்பமில்லாதவள் போலப் பார்த்தாள். எஸினாம் பழைய படங்களை எடுத்தாள். விரலால் கோடு காட்டினாள்.

"போன வருஷம் கரை இங்க. அலைக்கு முன்னாடி இங்க. இப்ப இங்க. இப்படியே போனா கார்த்திகைக்குள்ள இந்த மண்டபத்துப் பின்சுவரு போயிடும்."

கஃபுயி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அதை ஒட்டி வரிசையாகப் பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"இத முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றாள்.

"யாரும் கேக்கலக்கா. எனக்கும் தோணல."

கஃபுயி உள்ளே போய் டோட்ஸேயை அழைத்து வந்தாள். அவர் திரையை உற்றுப் பார்த்தார். தங்கள் வீடு இருந்த இடத்தில் விரலை வைத்தார், எடுத்துக்கொண்டார். பாதிரியார் வந்து, ஆண்டவர் வீட்டை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். "முன்வரிசையில போனதுல மூணு வீடு ஜெபக்காரங்க வீடுதான் ஐயா" என்று கஃபுயி சொன்னாள். பாதிரியாரும் திரையைப் பார்த்தார்.

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டோட்ஸேயும் கஃபுயியும் காயல் பக்கம் போனார்கள். கஃபுயியின் அண்ணனுக்கு அங்கே சின்ன வெங்காயப் பாத்திகள் இருந்தன. ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். கொசு பிடுங்கியது, பாத்தியை மிதிக்கிறார்கள் என்று அண்ணன் மனைவி தினமும் சண்டை போட்டாள். கார்த்திகை வந்தது. மண்டபச் சுவர் விழவில்லை. தையிலும் விழவில்லை. எஸினாம் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் டோட்ஸே வழி மறித்துக் கேட்டார்.

"எங்க போச்சும்மா உன் கோடு? சுவரு கல்லு மாதிரி நிக்குது. நீ சொன்னேன்னு இங்க வந்து கொசுக்கடி வாங்கறோம்."

"நான் கணக்குதாண்ணே சொல்ல முடியும். கடல் என் கணக்கைக் கேக்காது."

"அப்ப எதுக்குச் சொன்ன?"

ஆனாலும் அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவள் சொல்லாமல் கிளம்பியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் யாரையாவது உட்கார வைத்துப் படத்தைக் காட்டுவாள். இதனால் ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆனது. ஆபீஸில் திட்டினார்கள். சண்டை குறைந்ததா என்றால் அப்படி ஒன்றும் குறையவில்லை. கேட்கிறவர்களுக்கு இப்போது கேட்பதற்கு நிறைய இருந்தது. எங்கள் தெரு எப்போ போகும், எங்கள் கிணறு உப்பாகுமா, நீ ஏன் பக்கத்து ஊருக்குக் கம்மியாகச் சொன்னாய் என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு ஊரில், நிலத்தின் விலை இறங்கிவிட்டது என்று ஒருவர் கல்லெடுத்தார். கல் என் வண்டியின் கண்ணாடியில் பட்டது.

மண்டபத்தின் பின்சுவர் மாசிக் கடைசியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானம் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. நாங்கள் அப்போது சந்தையில் வண்டியில் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தோம். கஃபுயி போன் செய்தாள். எஸினாம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுவரு போச்சு" என்றாள் கஃபுயி. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "இங்க கொட்டகையிலேருந்து இப்ப கடல் எவ்வளவு தூரம்?"

"படம் எடுத்தாத்தான்க்கா சொல்ல முடியும். நாளைக்கு வர்றேன்."

"நாளைக்கு ரோட்டுல தண்ணி நிக்கும். எப்படி வருவ?"

"அப்ப நாளான்னைக்கு."

"சரி. வர்றப்ப கொசுவத்தி வாங்கிட்டு வா" என்று சொல்லிக் கஃபுயி வைத்துவிட்டாள்.

எஸினாம் போனைப் பைக்குள் போட்டாள். நான் ஏதோ கேட்கத் திரும்பினேன். பெட்டிமேல் தலையைச் சாய்த்து அவள் தூங்கிப்போயிருந்தாள். சாரல் அவள் பக்கம் அடித்ததால் தார்ப்பாயை இழுத்து விட்டுவிட்டு, மழை விடும்வரை நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.