தேறிய உடம்பு

பிள்ளை பெற்றவளைத் தேற்றுவதில் மருதாயியின் கைப்பக்குவத்துக்கு ரெட்டிபாளையத்தில் தனி மரியாதை. குச்சியாக வந்தவளும் தீட்டுக் கழிவதற்குள் பூசணிக்காயாகிவிடுவாள் என்பார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் அவளுடைய மருமகள் அம்மாக்கண்ணுவுக்கே இரண்டாவது பிள்ளை பிறந்தபோது கேட்க வேண்டுமா? பால் ஊற வேண்டுமென்று வேளை தவறாமல் பால்சுறாக் கருவாடு வெந்தது.

அம்மாக்கண்ணு ஊதினாள். முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு முகம். மெட்டி விரலுக்குள் புதைந்தது. பார்க்க வந்த பெண்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? மருதாயி இன்னும் இரண்டு துண்டு கருவாடு சேர்த்துப் போட்டாள்.

படுத்தால் மூச்சு முட்டியது. அம்மாக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். தான் செத்துப்போனால் இந்தப் பச்சைப் பிள்ளைக்கு யார் பால் கொடுப்பார்கள் என்பதுதான் அவள் பயம். மாமியாரிடம் சொன்னதற்கு, சதை போட்டால் மூச்சு வாங்கத்தான் செய்யும், பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் வாங்கவில்லையா என்று பதில் வந்தது. சிமெண்டு ஆலையில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் குழந்தைவேல் அவள் காலை அமுக்கிப் பார்த்தான். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"பச்ச ஒடம்புடா, அப்படித்தான் குழியும்" என்றாள் மருதாயி.

முதல் பிரசவத்தில் தன் மகளுக்குக் கஞ்சிதான் கிடைத்தது என்று சம்பந்தியம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அந்த வாயை அடைக்க ஒரு போட்டோ வேண்டியிருந்தது. மருதாயி மருமகளையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றி அரியலூர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள்.

போட்டோக்காரர் மூச்சை அடக்கி ஆடாமல் இருக்கச் சொன்னார். அடக்க மூச்சு இருந்தால்தானே! அடக்கும்போதெல்லாம் இருமல் வந்தது. ஒருவழியாகப் படம் எடுத்து முடிந்தும் அம்மாக்கண்ணு நாற்காலியை விட்டு எழவில்லை. மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவள் அன்று பேசினாள்.

"அத்தே, நான் ஊட்டுக்கு வரலிங்க. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா இந்தப் போட்டோவுக்கே மாலையப் போட்டுருங்க."

பிரசவத்தை ஒட்டிச் சில பெண்களுக்கு இருதயம் தளர்ந்துவிடும், அது இறைக்க முடியாத நீர்தான் உடம்பெங்கும் தேங்கியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. சாப்பாடு என்ன என்று கேட்டார். மருதாயி நெஞ்சை நிமிர்த்தி, கருவாட்டை விடாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உப்புதான் நீரைக் கட்டுமாம்.

"இன்னும் கொஞ்ச நாள் இப்படிக் கவனிச்சிருந்தீங்கன்னா, கவனிக்க ஆளே இருந்திருக்காதும்மா."

ஊசியிலும் மாத்திரையிலும் நீர் பிரிந்தது. அம்மாக்கண்ணு முருங்கைக்காயாக வீடு திரும்பினாள். இனி உப்பு ஆகாது, இன்னொரு பிள்ளையும் ஆகாது. குழந்தைவேல் யாரிடமும் சொல்லாமல் போய் ஆபரேஷன் செய்துகொண்டான். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். தான் பாடுபட்டுத் தேற்றிய உடம்பை ஆஸ்பத்திரிக்காரர்கள் கரைத்துவிட்டார்கள் என்று மருதாயி மட்டும் மூக்கைச் சிந்தினாள்.

போட்டோ சட்டம் போட்டுச் சுவரேறியது. வருகிறவர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, எப்படி இருந்தவள் என்று உச்சுக் கொட்டினார்கள்.

"என் கையில இருந்தப்ப எடுத்தது" என்றாள் மருதாயி.

"ஆமாங்க, அப்ப நான் செத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.