ஆட்டுக்கறிக்கு எந்தச் சிவப்பு ஒயின்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் ஹார்பருக்குப் போகிற ரோட்டில் கரி அடுப்பில் கோழி சுட்டு விற்கிறேன். என் மகள் ஹோட்டல் படிப்பு படித்துவிட்டு, ஊரிலேயே ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு மாதப் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடிகிற சமயத்தில் மேனேஜர் அவளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தை ஒப்படைத்தார். சுட்ட கறி, கூடவே ரெட் ஒயின். எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று அவள்தான் முடிவுசெய்து, விருந்தாளிகளுக்கு எடுத்துச் சொல்லி ஊற்ற வேண்டும். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஹோட்டலில் கரி அடுப்புக்கு ஆள் இல்லை. எங்கள் அப்பா இருக்கிறார் என்று இவளே வாயைக் கொடுத்துவிட்டாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று. வேறு ஒருவன் கெடுத்தால் யாரோ கெடுத்தான் என்று போகும். நான் கெடுத்தால்?

ஒத்திகை பார்க்க இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் அது வேண்டாம் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டதால், நானும் மகளும் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தோம். நான் சுட்டுக் கொடுத்த கறியில் ஒரு துண்டு தின்பாள். ஒரு வாய் ஒயினை உருட்டிக் கொப்பளித்து எவர்சில்வர் டம்ளரில் துப்புவாள். நோட்டில் எழுதுவாள். பெற்ற பிள்ளை ஒயின் கொப்பளிப்பதை எந்தத் தகப்பன் பார்த்திருப்பான்? நான் பக்கத்து மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது துணி எடுக்க வந்துவிடுவார்களோ என்று.

என்னையும் ஒரு வாய் பார்க்கச் சொன்னாள். அதுவரை நான் தொட்டதில்லை. வாயில் விட்டதும் நாக்கு, கன்னமெல்லாம் இழுத்துப் பிடித்தது.

"பாக்கு மாதிரில்லா துவர்க்கு" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அதேதான்ப்பா. அதுக்குத் தமிழ்ல என்னன்னு இத்தன நாளா முழிச்சிட்டு இருந்தேன்."

கறியில் இருக்கிற கொழுப்பும் சாறும் அந்தத் துவர்ப்பை விழுங்கிவிடுமாம். அதனால் நல்ல துவர்ப்புள்ள ஒயின் ஆட்டுத்தொடைக்கு, லேசானது கோழிக்கு. கறி விருந்து முடிந்து நாம் வெற்றிலை பாக்கு போடுவதும் இதே கணக்குதானே என்று எனக்குப் பட்டது. ஆனால் ஆட்டுக்கறி உள்ளே சிவந்து, சாறோடு இருக்க வேண்டும், வற்றிப்போகக் கூடாது. மிளகாய் கூடவே கூடாது. காரத்தின் மேல் இந்த ஒயின் பட்டால் வாய் தீயாக எரியும். உப்பு, கொஞ்சம் மிளகு, அவ்வளவுதான். மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் சரி என்றேன்.

விருந்தன்று ஹோட்டலின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் அடுப்பு. என் பையில் மிளகாய் அரைத்த மசாலா ஒரு டப்பா இருந்தது. போடுவதற்கு இல்லை, இருக்கட்டும் என்றுதான். பக்கத்தில் இருக்கிற ஏரல் வரைக்கும் போனாலும் சித்திரை வெயிலில் மழைக்கோட்டு எடுத்துப்போகிற ஆள் நான்.

தொடையை முதலில் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ரத்தச் சிவப்பு. இதைத் தட்டில் வைத்து ஒரு மனுசனுக்கு எப்படிக் கொடுப்பது? கதவு இடுக்கில் பார்த்தேன். ஷிப்பிங் ஏஜெண்டுகள், உப்பு வியாபாரிகள், எல்லாம் நம்ம ஊர் ஆட்கள். வெள்ளைக்காரர்கள் இரண்டே பேர். ஒருத்தருக்கு வயிற்றைக் கலக்கினால் போதும், யார் பொறுப்பு என்று கேட்டு என் பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். கறியைத் திரும்பவும் தீயில் வைத்தேன். சிவப்பு போனபிறகும் கவிச்சி வாடை அடிப்பதுபோல் இருந்தது. டப்பாவைத் திறந்தேன். தப்பு என்று தெரிந்தேதான் பூசினேன். வேறு யாருடைய கையோ பூசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. கோழிக்கும் பூசினேன்.

தட்டுகள் வழித்து நக்கியதுபோல் திரும்பி வந்தன. இன்னும் கேட்கிறார்கள் என்று பரிமாறுகிறவர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவருக்குப் பின்னாலேயே கிளாஸ்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒயின் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. தட்டை ஏந்தி வந்தது என் மகள்.

"மிளகாய் போட்டீங்களாப்பா?"

"மனசு கேக்கலம்மா. ரத்தமாத் தெரிஞ்சுது."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு எல்லாரும் தண்ணீர் கேட்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் பீர் கேட்கிறார்கள் என்றாள். மிச்சக் கறியில் மசாலாவைக் கழுவிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோழிக்கு வைத்திருந்த லேசான ஒயினை ஐஸில் புதைத்து ஜில்லென்று ஆக்கி, காரத்துக்கு இதமாக அதையே எல்லாருக்கும் கொண்டுபோனாள். அடுத்து வந்த கிளாஸ்களில் நாலைந்து பாதி இறங்கியிருந்தன. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கரி சாம்பலாகும்போது மேனேஜர் வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, எல்லாரும் உங்க கறியப் பத்தித்தான் பேசுதாவ. இனி சனி, ஞாயிறு நம்மட்ட வந்திருங்க. நிரந்தரமாவே வச்சிக்கிடுதோம்."

மகளைப் பற்றிக் கேட்டேன். ஒயின் போகவில்லையே, இந்த ஊரில் அதற்கென்று ஓர் ஆள் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது என்றார். அவள் சற்றுத் தள்ளி கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

"சார், தப்பு என்னோடது. மிளகாய் போடக் கூடாதுன்னுதான் பிள்ள சொல்லிச்சு. நான்தான் கேக்காமப் போட்டேன்."

அவர் சிரித்தார். "அதனாலதான அண்ணாச்சி நல்லா இருந்துது."

உண்மையைச் சொன்னேன், அதுவும் எனக்கே பெருமையாகப் போய் முடிந்தது.

திரும்பும்போது அவள்தான் ஸ்கூட்டர் ஓட்டினாள். நான் போகப்போவதில்லை என்று பின்னாலிருந்து சொன்னேன். "போங்கப்பா. நீங்களும் போகலன்னா ரெண்டு பேருக்கும் வேல இல்லாம ஆயிரும்" என்றாள். முகம் தெரியவில்லை. போனால் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார்ந்தவன். போகாவிட்டால் அவள் பேச்சை இரண்டாவது தடவையும் கேட்காதவன். அந்த வாரம் முழுக்க இதையே நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை என் சட்டையை அவளே தேய்த்து வைத்திருந்தாள். ஹோட்டலுக்கு ஸ்கூட்டரில் அவளே கூட்டிவந்தாள். ஹோட்டல் கேட்டுக்கு இரண்டு கட்டிடம் முன்னாலேயே, அங்கே இருக்கிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் வண்டி நின்றது.

"இங்கனயே இறங்கிக்கிடுங்கப்பா" என்றாள்.

இறங்கினேன்.