தொட்டிக்கு முளைத்த மூக்கு

கோடை தொடங்கியதிலிருந்து கண்ணாடிக்கடைக்காரி தினமும் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அது கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவன் கேட்டது. ஒவ்வொரு முறை பேசும்போதும் "அங்க என்ன விசேஷம்?" என்பான் அவன். "ஒண்ணுமில்ல" என்பாள் இவள். ஒருநாள் அவனுக்கே அலுத்துவிட்டது. "சரி, அந்த ஒண்ணுமில்லையையே தினம் ஒரு படம் எடுத்து அனுப்பு. நானே பார்த்துக்கறேன்" என்றான்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குப் பொருந்தும்படி கண்ணாடிகளின் ஓரத்தைத் தேய்த்துத் தருவது அவள் தொழில். மயிரிழை கூடினாலும் கண்ணாடி சட்டத்தில் உட்காராது. அந்தப் பிடிவாதம் படத்துக்கும் வந்துவிட்டது. எடுப்பது ஒரே இடத்திலிருந்து, மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலிலிருந்து. எடுப்பது ஒரே பொழுதில், கடைக்குக் கிளம்பும் முன். யாரையும் நில்லு, சிரி என்று சொல்லக் கூடாது. கைபேசியை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து ஒரே ஒரு முறை அழுத்துவாள். கிடைத்தது கிடைத்ததுதான்.

ஜன்னலுக்கு வெளியே நான்கு குடியிருப்புக் கட்டடங்கள், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தின் நடுவில் கான்கிரீட் கால்களின் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி. கொடியில் காயும் போர்வை, கழன்ற சைக்கிள் சங்கிலியோடு மல்லுக்கட்டும் பிள்ளை, தொட்டி நிழலில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும் நாய் என்று படங்கள் சேர்ந்தன. கணவன் கப்பலில் எல்லோரிடமும் காட்டினான். "அந்த நாய்க்கு இங்க ரசிகர் மன்றமே இருக்கு" என்று எழுதினான்.

பிறகு தொட்டியின் பக்கவாட்டுச் சுவரில் ஈரம் கசிந்தது. ஒரு காலையில் பார்த்தபோது நடுவில் நீளமாக ஒரு கறை, அதன் இரு பக்கமும் கருத்த இரண்டு திட்டுகள். அன்றைய படத்தைக் கணவனுக்கு அனுப்பியவள், விளையாட்டாகக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள். கீழே ஒரு வரி: "தொட்டிக்கு மூக்கு முளைச்சிருக்கு!"

செய்த தப்பு அந்த ஒரு வரிதான். மூக்கு என்று சொன்னதும் எல்லோருக்கும் கண் தெரிந்தது. மத்தியானத்துக்குள் வாய் தெரிந்தது. அவள் கடை முடிந்து வீடு திரும்பியபோது தொட்டிக்குக் கீழே ஒரு கூட்டம் அண்ணாந்து பார்த்து நின்றது. ஒருவர் மகான் என்றார். இன்னொருவர் தன் தாத்தா என்றார். முதல் மாடிப் பாட்டு டீச்சர், பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் சக்தி போய்விடும் என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, அங்கே வந்து உட்காராமல் இருந்திருந்தால்.

நாத்தனார் எதிர்க் கட்டடத்தில் தனியாக இருந்தாள். அவள் கணவன் தொட்டி சுத்தம் செய்யும் வேலைக்காரன். இரண்டு கோடைக்கு முன்னால் இதே தொட்டியின் உள்ளே கசிவு நிற்கப் பூச்சு அடிக்க இறங்கினான். மூடிய தொட்டி, மூச்சை அடைக்கும் பூச்சு, மேலே ஒரே ஒரு துவாரம். இடுப்பில் கட்டக் கயிறு கேட்டான், காற்றுக்கு ஒரு மின்விசிறி கேட்டான். இரண்டும் கிடைக்கவில்லை. அவனை வெளியே தூக்கியபோது உடம்பு ஆறிவிட்டிருந்தது. மாரடைப்பு என்று எழுதினார்கள். நிரந்தர வேலையாள் இல்லை என்பதால் நஷ்டஈடு இல்லை என்றார்கள். விதி என்றார்கள். விதி எவ்வளவு வசதியான வார்த்தை! கயிறு வாங்காதவனையும் காப்பாற்றும், மின்விசிறி கொடுக்காதவனையும் காப்பாற்றும். செத்தவனைத் தவிர எல்லோரையும் காப்பாற்றும்.

அந்தக் கறையைப் பார்த்ததும் நாத்தனார் சொன்னாள்: "இது அவருதான்."

மறுநாளிலிருந்து விடிந்ததும் முகத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இரண்டு வருஷமாக யாரிடமும் சரியாகப் பேசாதவள் கறையோடு பேசினாள். சில நாள் சிரித்தாள்கூட.

கூட்டம் பெருகியதும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் களத்தில் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. தொட்டிக்கு அடியில், முகம் மறையாதபடி நடுவில் திறப்பு விட்டு, பந்தல் போட்டார். நாற்காலிகள் வந்தன, குடிதண்ணீர்ப் பானை வந்தது. வெயிலில் வருகிறவர்கள் மயங்கி விழக் கூடாது என்று பெரிய மின்விசிறி ஒன்றும் வந்தது. உயிரோடு உள்ளே இறங்கியவனுக்குக் கிடைக்காத விசிறி, சுவரில் இருந்த ஈரத்துக்குக் கிடைத்தது.

கண்ணாடிக்கடைக்காரி படம் எடுப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது அவள் பார்த்தது வேறு. கறை அகலமாகிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கோடு போல ஒரு வெடிப்பு. ஒருநாள் தொட்டியின் கீழ் விளிம்பில் முந்தின நாள் இருந்த ஒரு துண்டு இல்லை. அன்று மாலை நாத்தனாரின் தலையில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. இவள் தட்டிவிட்டுப் பார்த்தாள். காரைத் தூள்.

"அண்ணி, அங்க உக்காராதீங்க. சுவர் பேர்ந்து விழுது. இந்தப் படத்தைப் பாருங்க, இது போன வாரம், இது இன்னிக்கு."

நாத்தனார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "போன வாரம் கண்ணை மூடியிருந்தாரு. இப்பத் தொறந்துட்டாரு பாரு!"

"அது கண்ணு இல்ல அண்ணி. காரை விழுந்த இடம். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதுது."

"உனக்கு எல்லாமே காரை, கம்பி. மனுஷன் முகம் தெரியாதா உனக்கு?" என்றவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரெண்டு படத்தையும் எனக்கு அனுப்பு."

அனுப்பியிருக்கக் கூடாது. ராத்திரிக்குள் குழு முழுக்க அந்த இரண்டு படமும் சுற்றின. முகம் கண் திறக்கிறது! ஆபத்தைக் காட்ட எடுத்த படமே அற்புதத்துக்குச் சாட்சியாகிவிட்டது. மறுநாள் காலை பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆள் வந்தது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்துக்கு நேர் கீழே பிடித்துக் காட்டினார்கள். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அன்றைய படத்தை எடுத்துவிட்டுப் படி இறங்கினாள்.

நேரே செயலாளரிடம் போனாள்.

"சார், தொட்டியைக் காலி பண்ணணும். கூட்டத்தைக் கலைக்கணும். பெரிய துண்டா விழுந்தா யாராவது செத்துப் போவாங்க."

"இன்ஜினியர் பார்த்தாச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு."

"எந்த இன்ஜினியர்?"

"நீ கண்ணாடி தேய்க்கிறவ. கட்டடத்தைப் பத்தி எனக்கு நீ சொல்றியா? இந்த வெயில்ல தொட்டியைக் காலி பண்ணினா ஜனம் குடிக்கிறதுக்கு என்ன பண்ணும்? உன் வீட்டுக்காரன் கப்பல்லேர்ந்து தண்ணி அனுப்புவானா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கடையில் வேலை ஓடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெடிப்பு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடினாள். பத்திரிகைக்கு அனுப்பலாமா, யாராவது அதிகாரியிடம் காட்டலாமா என்று யோசனை. நாத்தனாரோ நாளைக்கும் விடிந்ததும் போய் உட்காருவாள்.

வெடிப்பைத் தேடிய கண் ஒரு வழுக்கைத் தலையில் நின்றது.

பந்தல் போட்ட நாளிலிருந்து எல்லாப் படத்திலும் செயலாளர் இருந்தார். எல்லாப் படத்திலும் வெயிலில் இருந்தார். பக்கத்தில் பந்தல், பந்தலில் நிழல், நிழலில் விசிறி. அவரோ முற்றத்தின் ஓரத்தில், மின் மீட்டர் அறைச் சுவரை ஒட்டித் தலை பளபளக்க நிற்கிறார். ஒலிபெருக்கியில் பேசும் படத்தில் மைக்கின் கம்பியை அவ்வளவு தூரம் இழுத்து வைத்திருக்கிறார். பந்தலைத் திறந்து வைத்த படத்தில்கூடக் கையை மட்டும் உள்ளே நீட்டி நாடாவை வெட்டுகிறார், கால் வெளியே. அவள் மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில்கூட, ஒரே ஒரு படத்தில்கூட அவர் தொட்டிக்குக் கீழே இல்லை.

சாப்பிடாமலே டப்பாவை மூடிவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. நல்ல கூட்டம். முதல் முறையாக அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. கைபேசியோடு முற்றத்தில் இறங்கினாள். நாத்தனார் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் இரண்டு பிள்ளைகள் கூழாங்கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் வழக்கம்போல மீட்டர் அறைச் சுவரோரம்.

"சார்!" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்குப் படத்துல நீங்கதான் நாயகன். இவ்வளவும் செஞ்சது நீங்க. வாங்க, முகத்துக்குக் கீழ வந்து நில்லுங்க."

கூட்டத்துக்கு உற்சாகம். "போங்க சார்! நல்லாக் கேட்டா!"

"எனக்கெதுக்கும்மா படம்? நான் சேவகன்."

"சேவகனுக்குத்தான் சார் படம் வேணும். ஒரு நிமிஷம், அவ்வளவுதான்."

"சூரியன் எதிர்ல இருக்கு. படம் கருப்பா விழும்."

"தினம் இந்த நேரத்துலதான் எடுக்கிறேன். நல்லா விழும்."

"பெண்கள் உட்கார்ற இடம் அது..."

பாட்டு டீச்சர் எழுந்து தன் நாற்காலியை நகர்த்தினார். "அதுக்கென்ன சார், நாங்க நகர்ந்துக்கறோம். வெயில்ல நின்னு நின்னு உங்க தலை அப்பளமாப் பொரியுதே!"

சிரிப்பு எழுந்தது. செயலாளர் சிரிக்கவில்லை. கைக்குட்டை தலைக்குப் போனது, கழுத்துக்குப் போனது. "எனக்கு ரத்த அழுத்தம். கூட்டத்துக்குள்ள வந்தா ஒத்துக்காது" என்றார்.

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கண்ணாடிக்கடைக்காரி கைபேசியை இறக்கினாள். இப்போது விட்டால் இனி நடக்காது. பந்தலுக்குள் நுழைந்து நாத்தனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். தலைக்கு மேலே எவ்வளவு எடை இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. தோள் தானாகக் குறுகியது. ஒரு பொட்டுத் தூள் கையில் விழுந்தது.

"நானும் நிக்கிறேன் சார். அண்ணி இருக்காங்க. பிள்ளைங்க இருக்காங்க. கல்லு மாதிரி இருக்குன்னீங்களே. வாங்க."

அவர் வரவில்லை. அவருடைய செருப்பு முன்னால் வருவதற்குப் பதில் ஒரு அடி பின்னால் போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

நாத்தனார் அப்போதுதான் தலையைக் கீழே இறக்கினாள். எத்தனையோ நாள் கழித்து அவள் தொட்டியைத் தவிர வேறொன்றைப் பார்த்தாள். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டையை, அதன் பின்னால் இருந்த மீட்டர் அறைச் சுவரை, இரண்டையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். பந்தலைத் தாண்டி, வெயிலில் இறங்கி, அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"அன்னிக்கும் நீ இங்கதான் நின்ன" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"அவரு ஏணி ஏறுறப்போ. கயிறு இல்லையே சார்னு கேட்டாரு. ஒண்ணும் ஆகாது, நீ இறங்குன்னு சொன்ன. இந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டுச் சொன்ன. நான் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன், பார்த்தேன்." குரல் உயரவில்லை. "இது விழும்னு உனக்கு எப்பத் தெரியும்?"

கூட்டம் அவரைப் பார்த்த பார்வையில் தப்பிக்க வழி இல்லை. "கொத்தனார்தான்... கோடைக்கு முன்னாடி சொன்னான். காலி பண்ணி இடிச்சுக் கட்டணும்னான். தண்ணிக் கஷ்டமாச்சே, வெயில் முடியட்டும்னு..."

அவர் முடிக்கவில்லை. பாட்டு டீச்சர்தான் முதலில் அலறினார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள், நாற்காலிகள் கவிழ்ந்தன, பந்தல் கால் ஒன்று சாய்ந்தது. ஒரு நிமிஷத்தில் தொட்டிக்கு அடியில் யாரும் இல்லை, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நாத்தனார் அந்த அமளியில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செயலாளர் இடப்பக்கம் நகர்ந்தால் இவளும் நகர்ந்தாள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். அவருடைய மனைவி வந்து அழுது கெஞ்சிய பிறகுதான் வழி விட்டாள்.

சாயங்காலம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் முற்றம் முழுக்க ஓடிச் சாக்கடையில் இறங்கியது. மறுநாளே குடங்களோடு வரிசை தொடங்கியது, வசவும் தொடங்கியது. அதில் பாதி செயலாளருக்கு, மீதி கண்ணாடிக்கடைக்காரிக்கு. "சும்மா இருந்த தொட்டியை இவதான் கெடுத்தா" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். உயிர் தப்பியதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. விழாத கல்லுக்கு யார் நன்றி சொல்வார்கள்? ஈரம் காயக் காய முதலில் வாய் போனது, பிறகு கண். ஒரு வாரத்தில் வெறும் சுவர். அவள் அதையும் தினம் ஒரு படமாகக் கணவனுக்கு அனுப்பினாள்.

நாத்தனார் அவளோடு பேசவில்லை. குடவரிசையில் பக்கத்தில் நின்றும் பேசவில்லை. சுவர் முழுக்கக் காய்ந்த அன்று மாலை கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"அது அவரு இல்லன்னு உனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும் அண்ணி. சொன்னேனே."

"எங்க சொன்ன? காரைன்னு சொன்ன, கம்பின்னு சொன்ன. அவரை எப்படிச் சாக விட்டாங்கன்னு இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவை என் முன்னாடி சொன்னியா? நீயும் எல்லாரையும் போல விதின்னு தலையாட்டிட்டுத்தானே இருந்த?"

நாத்தனாரின் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"மாரடைப்பு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். கயிறு கேட்டதை நான் சொன்னப்போ அவன் இத்தனை பேர் முன்னாடி இல்லன்னு சொல்லல, அதுக்கு நீதான் சாட்சி. நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிடு. வக்கீல் காலையில வரச் சொல்லியிருக்காரு."