அண்ணன் கார்டில் தம்பியின் கை

என் மேல்வரிசைப் பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. எழுபதுகளில், ஹல்துமுல்லைக்கு மேலே நாங்கள் இருந்த தோட்டத்தில், என் புருஷன் உடைத்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அடித்தார். அலகால் அடிக்காதது என் அதிர்ஷ்டமாம், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

காரணம் ஒரு கார்டு. கொழும்பிலிருந்து ஒரு டாக்டரும் ஆட்களும் வருஷத்துக்கு ஒருமுறை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, தோட்டத்தில் குறித்துவைத்த அதே சிலரின் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பார்கள். சுருட்டு எத்தனை, கருவாடு எத்தனை நாள் என்று கேட்டு அவரவர் கார்டில் எழுதுவார்கள். பல வருஷம் பார்த்தால்தான் யாருக்கு நெஞ்சடைக்கும், எதனால் என்று தெரியுமாம். முதல் வருஷமே என் புருஷனுக்குப் பிரஷர் எகிறியிருந்தது. சுருட்டை விடு, மாத்திரை போடு என்றார் டாக்டர்.

அந்த மனுஷனுக்குப் பயம் வேறு. சீக்காளி என்று தெரிந்தால் தோட்டத்துத் துரை பேர் வெட்டிவிடுவார், வேலையோடு லயத்துக் காம்பிராவும் போய்விடும் என்று நினைத்தார். மாத்திரையை அடுப்பில் போட்டார். அடுத்த வருஷம் கார்டைத் தன் தம்பியிடம் கொடுத்து, தன் பேரில் போகச் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒரே சாயல். பட்டை கட்டுகிறவர்களோ வருஷா வருஷம் புது ஆட்கள்.

“ஏங்க, ஒங்க உசுரு விசயங்க. நான் டாக்டரய்யாகிட்ட சொல்லிருவேன்.”

“சொல்லுவியா? சொல்ல வாயி இருக்குமாடி?”

கத்திப் பிடி வந்து விழுந்தது. ரத்தத்தோடு பல் துண்டைத் துப்பினேன். இடுப்பில் இரண்டு உதை. அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

மூன்று வருஷம் அண்ணனுக்காகத் தம்பி கை நீட்டினான். சுருட்டை விட்டாச்சு என்றும் சொன்னான். அதற்கடுத்த வருஷம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணியோடு என் புருஷனுக்குச் சண்டை. சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவர் அந்த ஆள் மேலேயே சாய்ந்தார். தூக்கும்போது உயிர் இல்லை.

அந்த வருஷம் கொழும்பு டாக்டர் வந்து அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரஷர் இறங்கியிருக்கு, சுருட்டும் இல்ல. இவருக்கு எப்படி?” என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்து மேசையில் அறைந்தேன்.

“நீங்க அளந்து எழுதுனது இந்தக் கைதாங்கய்யா. செத்தவரு கை இல்ல.”

கார்டில் அந்த மூன்று வருஷத்தையும் டாக்டர் கோடு போட்டு அடித்தார். “மாத்திரை போட்டிருந்தா இருந்திருக்கலாமே. தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

உடைந்த பல்லைக் காட்டினேன். பயம் என்று நினைத்துக்கொண்டார். பயந்தது தம்பி கை நீட்டிய முதல் வருஷம் மட்டும்தான். அடுத்த இரண்டு வருஷமும், சாகட்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.