மஞ்சள் நூல் கட்டிய கிளாஸ்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பீங்கான் தட்டுகளுக்குப் பின்னால், ஓர் ஒயின் கிளாஸ் இருக்கிறது. ஒற்றைக் கிளாஸ், ஜோடி கிடையாது. வயிறு அகன்று வாய் குறுகி, நீளமான காம்போடு இருக்கும். காம்பில், மூட்டை தைக்கிற மஞ்சள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். அது என்னுடையது அல்ல. திருடி வந்ததும் அல்ல. ஒரு கிறிஸ்துமஸ் மதியம் அதைக் கையில் பிடித்தபடியே ஒரு வீட்டைவிட்டு இறங்கி வந்துவிட்டேன், அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மாட்டேன். தூக்கிப் போட்டிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, டிசம்பரில் வீடு துடைக்கும்போது, அதை எடுத்துக் கழுவி மறுபடி பின்னால் தள்ளி வைக்கிறேன்.

அந்த வீடு அக்காவின் வீடு. கூடப் பிறந்தவர் இல்லை. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் நான் வேலை பார்த்த மசாலா கம்பெனியில் பாக்கிங் பகுதிக்கு அவர் பொறுப்பு. முதலாளி தொடங்கி, தினமும் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வரும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். என்னுடையது மூக்கு வேலை. அரைத்து வரும் தூளைப் பாக்கெட்டில் போடுவதற்கு முன்னால் முகர்ந்து பார்த்து, மல்லி பதமாக வறுபட்டிருக்கிறதா, சோம்பு தூக்கலாக இருக்கிறதா, மிளகாயில் ஈரவாடை ஏறிவிட்டதா என்று சொல்ல வேண்டும். நான் சரி என்று தலையாட்டினால்தான் தேக்காவில் இருக்கும் கம்பெனிக் கடைக்குச் சரக்கு கிளம்பும். முதலாளிக்கு என் மூக்கின்மேல் அத்தனை நம்பிக்கை. எனக்கும் அந்தக் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

அக்கா கத்தோலிக்கர், புக்கிட் மேராவில் வீடு. கிறிஸ்துமஸ் அன்று கம்பெனி ஆட்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் ஒயின் என்ற பேச்சே கிடையாது. முதல் தடவை அக்கா கிளாஸைக் கையில் கொடுத்தபோது, கஷாயம் குடிப்பதுபோல ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தேன். அக்கா சிரித்துக்கொண்டே, "விழுங்காதம்மா. வாயில கொஞ்சம் உட்கார வை. அதுவும் நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிதானே" என்றார். உட்கார வைத்தேன். நாக்கின் ஓரங்களில் நெல்லிக்காய்த் துவர்ப்பு பிடித்தது. அதற்குப் பிறகு, மூச்சு விடும்போது, மூக்கின் உள்ளே எங்கிருந்தோ மிளகு வந்தது. வறுத்து இடித்த மிளகு. இதில் மிளகு போடுவார்களா என்று வெகுளியாகக் கேட்டேன். யாரும் எதையும் போடுவதில்லை, ஷிராஸ் என்ற அந்தத் திராட்சையின் குணமே அப்படி என்றார் அக்கா. ஒரு பழத்துக்குள் மிளகு ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அதன்பிறகு டிசம்பர் எங்கள் இருவருக்கும் சொந்தமான மாதம் ஆனது. சூப்பர் மார்க்கெட்டில் பண்டிகைத் தள்ளுபடி போட்டவுடன் இரண்டு பேரும் போய் அலமாரி முன் நின்றுகொண்டு ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசை முடித்து வந்ததும் அவர் சமையலறையில் ஒரு பாட்டில் திறக்கும். அதற்கு முன் அரை மணி நேரம் அதை ஃப்ரிட்ஜில் வைத்தாக வேண்டும், இந்த ஊர் வெக்கையில் சிவப்பு ஒயினை அப்படியே ஊற்றினால் ஆறிப்போன டீ மாதிரி இருக்கும் என்பது அக்காவின் சட்டம். ஊற்றுவது அவர், சொல்வது நான். ஒன்றில் பேரீச்சம்பழம், கொஞ்சம் பட்டை. ஒன்றில் பச்சைக் குடைமிளகாயை அப்போதுதான் நறுக்கிய வாசனை. வெளிறிய சிவப்பில் ஒன்று, நிறத்தைப் பார்த்து ஏமாந்து போனேன், முகர்ந்தால் மழை நின்றவுடன் தொட்டி மண்ணைக் கிளறியதுபோல இருந்தது. நான் சொல்லச் சொல்ல அக்கா மறுபடி முகர்ந்து, "ஆமாலா, நீ சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியுது" என்பார். மாதம் முழுக்கக் கோயிலுக்குப் போகிற பொம்பளை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரூட்டு மாறிப் போகிறாள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அத்தனை வருஷ வேலையில் நான் வாய்விட்டுச் சிரித்த மணிநேரங்கள் அந்தச் சமையலறையில் கழிந்தவைதாம்.

கிறிஸ்துமஸ் விருந்திலும் இது ஒரு வழக்கமாகிப்போனது. வந்தவர்களின் கிளாஸ் மாறிவிடாமலிருக்க அக்கா ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டுவார். எனக்கு எப்போதும் மஞ்சள். முதல் கிளாஸ் எனக்குத்தான் வரும். நான் முகர்ந்து, இதில் இன்ன மசாலா இருக்கிறது என்று சொன்ன பிறகே மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். நான் சொன்னதும் எல்லாரும் கைதட்டுவார்கள், முதலாளி தன் மனைவியிடம் பெருமையாக, பார்த்தாயா என்பதுபோலத் திரும்புவார். அதன்பிறகுதான் மட்டன் பிரட்டலும் நெய்ச்சோறும் மேசைக்கு வரும். அடுத்தவர் பண்டிகையில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது, அதை எனக்குக் கொடுத்தவர் அக்கா.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் வந்து போனதுதான். இருமல் போனது, உடம்புவலி போனது, கூடவே வாசனையும் போனது. ஒரு காலை காபியை வாயருகே கொண்டுபோனேன், வெந்நீர். ஊதுவத்தி ஏற்றினேன், புகை தெரிந்தது, வாசனை இல்லை. மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன், தும்மல்தான் வந்தது. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும், அதோடு சரி. திரும்பி வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூக்கை நம்பிப் பிழைக்கிறவளுக்கு அது என்ன பதில்? கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பயப்படுவார். அக்கா ஒருவரிடம்தான் சொன்னேன், கம்பெனி கழிவறை வாசலில், அழுதுகொண்டு.

அக்கா என் தோளைப் பிடித்து, "யாருக்கும் தெரிய வேணாம். வாசனை திரும்பி வர்ற வரைக்கும் நான் முகர்ந்து பார்த்துச் சொல்றேன்" என்றார். நானா கேட்டேன்? அவராகச் சொன்னது. அன்றிலிருந்து ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு காலையில் என் மேசைக்கு வருவார், தூளை முகர்வார், சரியென்றால் என் முதுகில் தட்டிவிட்டுப் போவார். தட்டாமல் போனால் நான் அதைத் திருப்பி அனுப்புவேன். ஒரு பாக்கெட்கூடத் தப்பாகப் போனதில்லை. இப்படி ஒரு மனுஷி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று நான் சாமியிடம் சொன்ன நாட்கள் அவை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று அக்காவையே கேட்டேன். வராவிட்டால்தான் சந்தேகப்படுவார்கள் என்றார். முந்தின நாள் போனில் தெளிவாகவே சொல்லிக்கொடுத்தார்: "முதல்ல ஷிராஸ்தான் ஊத்துவேன். நீ வழக்கம்போல மிளகுன்னு சொல்லிடு, நான் பார்த்துக்கிறேன்."

வீடு நிறைய ஆட்கள். எனக்கு நேர் எதிரே முதலாளியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து மஞ்சள் நூல் கட்டிய கிளாஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நல்ல கருஞ்சிவப்பு. பேச்சுச் சத்தம் அடங்கியது. நான் கிளாஸைச் சுழற்றினேன், மூக்கை உள்ளே விட்டேன், காலிப் பானைக்குள் முகத்தை நுழைத்ததுபோல ஒன்றுமே இல்லை. கண்ணை மூடித் திறந்து, "மிளகு. வறுத்த மிளகு. பின்னாடி லேசா கிராம்பு" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார். முதலாளியின் மனைவி எட்டிக் குனிந்து முகர்ந்துவிட்டு, வெள்ளை மனசோடுதான் கேட்டார்: "என்னங்க இது, கல்யாண வாசல்ல நிக்கிற மாதிரி பன்னீர் அடிக்குதே?" அறை முழுக்கச் சிரிப்பு. நான் அக்காவைப் பார்த்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா விளையாட்டுக்கு ஒரு மூடி பன்னீர் கலந்தாராம். ஒரு மூடி! சமையலறைவரை மணந்திருக்கும் போல. வாசனைக்காரியையே ஏமாற்றிவிட்டார் அக்கா என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்காதவர் முதலாளி ஒருவர்தான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. லிஃப்டில் இறங்கி, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் உட்கார்ந்தபோதுதான் கிளாஸ் கையில் இருப்பதைப் பார்த்தேன். ஒரு வாய் குடித்தேன். புளிப்பு, துவர்ப்பு, மெல்லிய கசப்பு. பன்னீர் எங்கே? எனக்கு மட்டும் அது இல்லவே இல்லை. பக்கத்து மேசையில் தாம் பலகையில் காய் நகர்த்திக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர் என் கிளாஸைப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி ஹேப்பி கிறிஸ்துமஸ் என்றார். நானும் கிளாஸைத் தூக்கிக் காட்டினேன், வேறென்ன செய்ய? மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கிளாஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். உட்லண்ட்ஸ் வரும்வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். விளையாட்டுத்தான், அக்காவுக்கு யோசனை போதவில்லை, நாளைக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பார் என்று.

போன் வரவில்லை. புத்தாண்டு கழித்து முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நாள் தேக்கா கடையில் கவுண்டரைப் பாருங்கள், உடம்பு தேறட்டும் என்றார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "அக்கா முன்னாடியே சொன்னாங்கம்மா. நான்தான் நம்பல. அப்படின்னா கிறிஸ்துமஸ்ல செஞ்சு காட்டுறேன்னாங்க" என்றார். ஆக, அது விளையாட்டு இல்லை. முந்தின நாள் போனில் எனக்கு மிளகு என்று சொல்லிக்கொடுத்தபோதே அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் என் மேசையில் அக்கா உட்கார்ந்தார்.

கடையில் நின்று நாள் முழுக்கப் பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அதே மசாலா, வாசனை மட்டும் எனக்கில்லை. சில மாதம் கழித்துத் தேக்கா சந்தையில், கறிக்கடை முன்னால், அக்கா எதிரே வந்து நின்றார். நான் விலகப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோபமா இருக்கியாம்மா? நான் என்ன தப்பு பண்ணேன், உண்மையைத்தானே காட்டினேன்? எத்தனை நாளைக்கு நான் முகர்ந்து, நீ பேர் வாங்குறது?"

"அந்த உண்மையை நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன், அக்கா."

அவர் கை தளர்ந்தது. நான் நடந்துவிட்டேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்குப் போதும்மா, நீயே முதலாளியிடம் சொல்லிவிடு என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். ஊரைக் கூட்டி, எனக்கென்று நூல் கட்டிய கிளாஸிலேயே ஊற்றிக் கொடுக்க எப்படி மனசு வந்தது? அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, எத்தனை நேரம் வாயில் உட்கார வைத்தாலும்.

போன ஆவணியில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். மண்டப வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் எப்போதும்போலத் தலையைக் குனிந்து உள்ளே போக, மணந்தது. முதலில் நம்பவில்லை. புறங்கையை மூக்கில் வைத்து அழுத்தினேன். பன்னீர், சாட்சாத் பன்னீர். எத்தனையோ வாசனை உலகத்தில் இருக்க, திரும்பி வந்ததில் முதலாவது அது. அங்கேயே நின்று அழுதேன், கல்யாணப் பெண்ணைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். போனை எடுத்துவிட்டேன். விரல் போய் நின்ற இடம் அக்கா என்ற பெயர். சீ, என்ன மானங்கெட்ட விரல் இது என்று போனைப் பைக்குள் போட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன, காபி, மல்லி, கடைசியில் சோம்பு. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் செய்து காட்டச் சொல்வார். நான் யாருக்கும் இனிமேல் செய்து காட்டுவதாக இல்லை.

இந்த டிசம்பரில் சூப்பர் மார்க்கெட்டில் தனியாக நின்று ஒரு ஷிராஸ் எடுத்து வந்தேன். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், பார்த்தீர்களா, சட்டம் இன்னும் அக்காவுடையதுதான். பீங்கான் தட்டுகளை நகர்த்தி அந்தக் கிளாஸை எடுத்துக் கழுவினேன். மஞ்சள் நூல் அழுக்கேறிப் பழுப்பாகியிருந்தது, அவிழ்க்கவில்லை. ஊற்றிச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டேன். இருந்தது. வறுத்து இடித்த மிளகு, பின்னால் லேசாகக் கிராம்பும்கூட.

"மிளகு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கூடத்திலிருந்து கணவர் கேட்டார். யாருமில்லை என்றேன்.