மேரி தூக்கிய அரிசி மூட்டை

பொன்னேரியில் என் அரிசிக்கடைக்கு இன்று காலை மேரி வந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, பல வருட வாடிக்கை.

"நவுருண்ணா, நானே தூக்கறேன்" என்று ஒரு அரிசிச் சிப்பத்தை இடுப்பு வரை தூக்கி இறக்கினார். மறுபடியும் தூக்கினார். எட்டாவது தடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா, அரிசி மேல இன்னா கோவம்?"

"கிண்டல் பண்ணாதண்ணா. நாளைக்கு குடோன் வேலைக்கு டெஸ்ட்டு. இருபத்தஞ்சு கிலோவ பத்து வாட்டி தூக்கணும். மூணு மாசமா ஊட்ல உன் மூட்டையத்தான் தூக்கினு கீறேன். எட்டத் தாண்டல. நான் போவல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூட்டையில் அச்சடித்திருந்த எடையைக் காட்டினேன். இருபத்தாறு கிலோ.

இருபத்தைந்து கிலோ வரையிலான மூட்டைக்கு வரி உண்டு என்பதால், மில்லில் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகிறார்கள். ஊரோ இன்னும் இருபத்தைந்து கிலோ சிப்பம் என்றுதான் கேட்டு வாங்குகிறது.

"அடப்பாவி அண்ணா! இத்தினி நாளா சொல்லவே இல்லையே!"

டீ வாங்கிக் கொடுத்து, மூட்டையைப் பிரித்து ஒரு கிலோவை எடுத்துவிட்டுத் தைத்தேன். மேரி எழுந்தார். பத்தாவதில் மூட்டை பாதியில் நின்றது. ஆனாலும் இடுப்புக்கு வந்துவிட்டது.

"நாளைக்குப் போறேண்ணா" என்றார். குரலே வேறாக இருந்தது.

அவர் போனதும் நானும் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இருபது வருட அரிசி வியாபாரிக்கு நாலுக்கு மேல் வரவில்லை. உங்களுக்கு எத்தனை வரும்? உண்மையைச் சொல்லுங்கள், மேரியும் இதைப் படிப்பார்.